யூக்கலிப்டசு தோட்டங்களும் நில உயரமும்

யூக்கலிப்டசு (தைலமரம்) என்பது 700-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட மரப் பேரினம் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆத்திரேலியா. காகிதக்கூழ், விறகு, தைலம் ஆகியவற்றுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் இனங்கள் சிலவே. கடல் மட்டத்தில் இருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைவதால், ஓர் உயரத்தில் செழிக்கும் இனம் மற்றோர் உயரத்தில் பட்டுப்போகக் கூடும். தென்னிந்தியாவில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

உயர்மலை

நீலகிரியில் 1843 ஆம் ஆண்டில் அறிமுகமான யூக்கலிப்டசு குளோபுலசு, அங்கு 1800 மீட்டருக்கு மேல் நன்கு வளர்கிறது. உறைபனியை ஓரளவு தாங்கும். வெட்டிய அடிமரத்தில் இருந்து மீண்டும் துளிர்க்கும். சமவெளி வெப்பத்தில் இது நிலைப்பதில்லை. ஆனால் இது தன் தாயகமான தாசுமேனியாவில் கடலோரத் தாழ்நிலத்திலேயே வளரும் மரம்! அங்குள்ள குளிர்ச்சி, நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் மலையுச்சியில்தான் கிடைக்கிறது.

இடைமலை

மூணாறு வட்டாரத்திலும் இலங்கையின் மலையகத்திலும் யூக்கலிப்டசு கிராண்டிசு பரவலாக நடப்பட்டது. இது மிக விரைந்து நேராக உயரும். எனினும் இதன் இளங்கன்றுகள் கடும் உறைபனியில் கருகிவிடும். இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், மேலே உள்ள சரிவில் கன்றுகள் பிழைத்திருக்க, கீழே பள்ளத்தில் உள்ளவை மடிவதுண்டு. எனவே உயரத்தை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்வது போதாது.

சமவெளி

சமவெளியில் காணப்படுபவை பெரும்பாலும் யூக்கலிப்டசு டெரெட்டிகார்னிசும் கமால்டுலென்சிசும் ஆகும். இவற்றையும் மக்கள் நீலகிரி மரம் என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. இவை வறட்சியைத் தாங்குபவை. கேரளத்தின் மழைமிகு பகுதிகளில் நடப்பட்டபோது டெரெட்டிகார்னிசு இளஞ்சிவப்பு நோய் என்னும் பூஞ்சை நோயால் பெருமளவில் அழிந்தது. 2000களில் பரவிய முடிச்சுக் குளவி சமவெளி நாற்றங்கால்களைத் தாக்கியது.

நீர்வளம்

உயர்மலையில் இம்மரம் நன்கு பிழைத்ததன் விளைவாகச் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகள் பெரும்பரப்பில் மறைந்தன. நீலகிரியின் கிளென்மார்கன் நீர்ப்பிடிப்பு ஆய்வில், புல்வெளியில் குளோபுலசு நடப்பட்ட பின் முதல் சுழற்சியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது.