பேசாத திரையில் இயேசு ஆண்டவர்

திரைப்படக் கலை பிறந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 1995-ஆம் ஆண்டு வத்திக்கானின் அன்றைய சமூகத் தொடர்பு திருப்பீட அவை, குறிப்பிடத்தக்க 45 திரைப்படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் சமயம் சார்ந்த படங்களுள் மிகப் பழையது, பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனம் தயாரித்த 'இயேசு கிறிஸ்துவின் வாழ்வும் பாடுகளும்'. 1902 முதல் 1905 வரை பகுதி பகுதியாக உருவான ஊமைப்படம் இது. பெர்டினான்டு செக்காவும் லூசியன் நோங்கேயும் இயக்கினார்கள்.

முக்கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் வசனம் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அதன் பெயர் மட்டும் எழுத்தில் வரும்: மங்கள வார்த்தை, எகிப்துக்கு ஓடுதல், கானா ஊர்த் திருமணம், இலாசர் உயிர்பெறுதல் என்று. கானாவில் அன்னை மரியா மகனிடம் என்ன சொன்னார் என்பதைப் படம் சொல்லாது. பார்ப்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நற்செய்தியை அறியாதவருக்கு இப்படம் வெறும் நடமாட்டம், அறிந்தவருக்கோ செபம். நம் ஆலயச் சுவரில் உள்ள சிலுவைப்பாதைப் படங்களும் இப்படித்தானே நம்மிடம் பேசுகின்றன! நற்செய்தி நூல்களில் இடம்பெறாத வெரோணிக்காள் இப்படத்தில் வருவதும் அந்தப் பக்தி மரபினால்தான். பிரதிகள் பலவற்றில் அச்சுத்தகடு வெட்டி வண்ணமும் தீட்டினார்கள். பெண் தொழிலாளர்கள் பொறுமையாகச் செய்த வேலை அது. படம் ஆண்டவரின் விண்ணேற்றத்தோடு நிறைவு பெறுகிறது.

அடுத்து 1906-இல் ஆலிஸ் கீ என்ற பெண் இயக்குநர் கோமோன் நிறுவனத்திற்காக 'கிறிஸ்துவின் வாழ்வு' படத்தை 25 காட்சிகளில் எடுத்தார். ஓவியர் ஜேம்ஸ் திசோவின் விவிலியச் சித்திரங்களே அவருக்கு வழிகாட்டி. ஆண்டவரைப் பின்சென்ற பெண்களுக்கு இதில் கிடைக்கும் இடம், பின்னாளில் பெருஞ்செலவில் எடுத்த பல படங்களில்கூட இல்லை.

இப்படிப்பட்ட படங்கள் நம் நாட்டுக்கும் விரைவில் வந்து சேர்ந்தன. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. மும்பையில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்த தாதாசாகேப் பால்கே, கண்ணனின் கதையையும் இவ்வாறு காட்டலாமே என்று எண்ணினார். அந்த எண்ணத்தின் பயனே 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'.

1912-இல் அமெரிக்காவின் கேலம் நிறுவனம் 'தீவனத் தொட்டியிலிருந்து சிலுவை வரை' என்ற படத்தை வெளியிட்டது. இயக்குநர் சிட்னி ஆல்காட். ஜீன் கான்டியர் கதையை எழுதி, அன்னை மரியாவாகவும் நடித்தார். படப்பிடிப்பு எகிப்திலும் புனித நாட்டிலுமே நடந்தது. திருக்குடும்பம் பிரமிடுகளின் அருகே இளைப்பாறும் காட்சி மறக்க முடியாதது. ஆனால் படம் சிலுவையோடு முடிந்துவிடுகிறது, உயிர்ப்பு இல்லை. இதைச் சிறு குறை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் நம்பிக்கையே வீண் என்பது பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய உண்மை அல்லவா? மண்ணும் கல்லும் மெய்யான இடத்தில், விசுவாசத்தின் மையம் விடுபட்டுப் போயிற்று. அட்டைத் திரைச்சீலைகளுக்கு முன் நடித்த பாத்தே படமே இதில் நமக்கு நெருக்கமானது.

1927-இல் செசில் டெமில் எடுத்த 'அரசர்க்கரசர்' படத்திற்கு இயேசு சபைக் குரு டேனியல் லார்டு ஆலோசகராக இருந்தார். பார்வையற்ற சிறுமி ஒருத்தி கண் திறந்து பார்க்கும்போதுதான் நாமும் ஆண்டவரின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறோம். கறுப்பு வெள்ளையில் செல்லும் படம் உயிர்ப்பின் காட்சியில் வண்ணத்திற்கு மாறுகிறது. இத்தனை அழகுக்கு நடுவிலும் ஒரு முள் உண்டு. ஆண்டவரின் சாவுக்கு யூதர்கள் மீது பழி விழுகிறது என்று யூத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன; இயக்குநரும் சில மாற்றங்களைச் செய்தார். அந்தப் பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகப் போதித்தது. இப்படத்தை இளையோருக்குக் காட்டும்போது அந்தப் போதனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தவக்காலத்தில் பங்குகளில் திரையிட நினைப்போர் பாத்தே படத்திலிருந்து தொடங்கலாம். காட்சியின் பெயர் வந்ததும் படத்தை நிறுத்தி, அதற்குரிய நற்செய்திப் பகுதியை மறைக்கல்விச் சிறுவர் ஒருவர் வாசித்தால் போதும்; வேறு விளக்கவுரை தேவைப்படாது. 1912-ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டுவதாக இருந்தால், லூக்கா 24-ஆம் அதிகாரத்தை வாசித்து முடிக்காமல் மக்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.