கூச்சத்தைத் தானே சொல்லிச் சிரித்தவள்

பதின்ம வயதுப் பெண் தன் அசட்டுத்தனங்களை நாட்குறிப்பில் எழுதி நம்மைச் சிரிக்கவைக்கும் நாவல், ஆங்கிலத்தில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 1999இல் தொடங்கிய லூயிஸ் ரென்னிசனின் ஜார்ஜியா நிக்கல்சன் கதைகள் அதில் பேர்போனவை. மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் வளரும் பிள்ளைக்கு இந்தக் குரல் ஒட்டாது என்பவர்கள் கலித்தொகையின் 51ஆம் பாட்டைப் படிக்கட்டும். சிறுவயதில் மணல்வீட்டை மிதித்துக் குறும்பு செய்தவன் தண்ணீர் கேட்டு வருகிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவந்ததும், அவனுக்கு விக்கல் என்று சமாளிக்கிறாள். தாயோ அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். இத்தனையையும் அவளே தோழிக்குச் சொல்கிறாள். தன் தடுமாற்றத்தைச் சொல்லிச் சிரிக்கும் பெண் நமக்குப் பழையவள். அவளுக்குக் கிடைக்காதது, பிறர் பாராத ஒரு கொப்பிதான்.

அந்தப் பாட்டையும் எழுதியவர் கபிலர், ஓர் ஆண் என்ற மறுப்பு சரியானதே. என் வாதத்துக்கு அதுவே பலமும் ஆகிறது. தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருவது புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது. தாளும் தனியறையும் செல்வாக்கும் அவரிடம் இருந்தன. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் மிசனரிமார் பெண்களுக்குப் பாடசாலை திறந்தார்கள். ஈழத்துப் பெண்ணொருவரின் முதல் நாவலான மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்தது. அதன் பொருள் துயரமும் நல்லொழுக்கமும். 1945இன் இலவசக் கல்வி எழுத்தைக் கரையோரக் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமாக்கியது. ஆனாலும் பெண்பிள்ளை எழுதுவது யாரையாவது திருத்தவேண்டும் என்ற எதிர்பார்ப்பு விடவில்லை. அவள் பெரியபிள்ளையானதை ஊர்கூட்டிச் சாமத்தியச் சடங்காகக் கொண்டாடும் சமூகம், அந்த நாட்களில் அவளுக்கு எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டதில்லை. அவள் சொல்லியிருந்தால் அதில் வெட்கமும் இருந்திருக்கும், வேடிக்கையும் இருந்திருக்கும்.

போரைக் கண்ட கரைக்குச் சிரிப்பு அடுக்குமா என்பது கனமான கேள்வி. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எல்லாச் சமூகங்களும் இடம்பெயர்ந்தன. அந்த ஓட்டத்தில் பள்ளிக்கொப்பிகளைக் காப்பாற்ற யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அதன்பின் இந்த மண்ணிலிருந்து சாட்சியத்தை மட்டுமே உலகம் எதிர்பார்த்தது; நாமும் அப்படியே பழகிவிட்டோம். ஆனால் மரணத்துக்கு ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்க், 13 வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் கூட இருந்த பெரியவர்களை எவ்வளவு கேலி செய்கிறாள்! அந்தக் கேலியால் அவள் துயரம் ஒரு துளியும் குறையவில்லை. ஓர் உயிருள்ள பிள்ளையை நாம் அடையாளம் காண்கிறோம், அவ்வளவுதான். ஆகவே மன்னாரின் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் கொப்பிகளைத் திறந்து பார்க்காதீர்கள். அவர்களாகவே தர முன்வந்தால், திருத்தாமல் பாடசாலை மலரில் அச்சிடுங்கள்.