திருமகளுக்குச் சேலை உடுத்திய ஓவியர்

மலேசிய, சிங்கைத் தமிழர் இல்லங்களின் பூசை மாடங்களில் விளங்கும் திருமகள், கலைமகள் படங்கள் பலவற்றிற்கு முன்மாதிரியானவை இராஜா இரவிவர்மா தீட்டிய ஓவியங்களே. தாமரை மலர்மேல் நின்ற திருக்கோலமும், ஆற்றங்கரைப் பாறையில் அமர்ந்து வீணை மீட்டும் திருக்கோலமும் அவர் தூரிகையில் உருப்பெற்றவை.

திருவாங்கூரைச் சார்ந்த கிளிமானூர் அரச குடும்பத்தில் 1848ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். அன்னையார் உமையம்பாபாய் பார்வதி திருமணத்தைப் பாட்டாக இயற்றியவர். ஆகவே புராண மாந்தர் அவருக்கு ஏட்டில் கண்ட பெயர்களாக இல்லாமல், வீட்டில் பழகிய உறவினர்போல் இருந்தனர். ஓவியத்தின் தொடக்கப் பாடம் தாய்மாமனான இராஜராஜ வர்மாவிடம் தஞ்சை முறையில் அமைந்தது. தைல வண்ணக் கலையோ எளிதில் கிட்டவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் அந்நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே இரவில் மறைவாக வந்து சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டுமே இசைந்தார். கண்ணால் கற்ற கல்வி அது.

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ், பாரத, இராமாயண, புராணக் காட்சிகளைப் பதினான்கு ஓவியங்களாகத் தீட்டித் தருமாறு வேண்டினார். அப்போது இரவிவர்மாவை ஆட்கொண்ட வினா வியப்புக்குரியது: சீதைக்கும் தமயந்திக்கும் எந்த நாட்டு உடையை அணிவிப்பது? கருவறையில் சிலைக்கு அர்ச்சகர் ஆடை சாத்துகிறார். ஓவியத் திரையிலோ அப்பணியையும் ஓவியரே செய்தாக வேண்டும். மலையாள நாட்டு முண்டு வடவருக்கு அயலானது. வடவர் பாவாடை தென்னவருக்கு அயலானது. விடை தேடி, தம்பி சி. இராஜராஜ வர்மாவுடன் 1888ஆம் ஆண்டளவில் வடபுலமெங்கும் அவர் பயணம் செய்தார். பழங்கால உடை இதுதான் என்று காட்டக்கூடிய ஒன்று எங்கும் அகப்படவில்லை. இறுதியில் வாழும் மகளிர் உடுத்திய சேலையையே தேவியர்க்கும் உடுத்தினார். அத்தம்பியோ பல ஓவியங்களின் மலை, நீர், வானம் ஆகிய பின்புலக் காட்சிகளைத் தீட்டித் துணைநின்றவர். அண்ணனின் புகழ் பேசுவோர் அவரை நினைப்பது அரிது.

ஒவ்வோர் ஓவியத்தையும் கையால் தீட்டி எத்தனை பேருக்கு அளிப்பது? வண்ண அச்சில் பதிப்பிக்குமாறு திவான் மாதவராவ் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். 1894இல் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் எழுந்தது. வண்ணத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்களில் மாறி மாறி ஒற்றியெடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. வணிகத்தில் அவருக்குக் கிடைத்தது கடனே. பின்னர் அச்சகம் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஒருவர் கைக்கு மாறியது.

இப்படங்களில் நாடகமேடைச் சாயல் மிகுதி, தெய்விகம் குறைவு என்று ஆனந்த குமாரசாமி கடிந்துரைத்தார். சிற்பநூல் மரபை அறிந்தோர்க்கு அக்கூற்றில் உண்மை தெரியும். எனினும் கலையறிஞர் நின்று பார்த்த இடம் வேறு. சந்தையில் சில காசுக்குப் படம் வாங்கியவர் நின்ற இடம் வேறு. திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936இல்தான். இரவிவர்மா 1906இலேயே மறைந்துவிட்டார். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில், கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோர் தம் குடிசைச் சுவரில் திருமகளை மாட்டி விளக்கேற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.