மருத்துவ நுழைவுத் தேர்வு (தமிழ்நாடு)

எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு மாணவர்களைத் தெரிவுசெய்யும் தேர்வு. தமிழ்நாட்டில் 1984-85 கல்வியாண்டில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு இத்தேர்வின் மதிப்பெண்ணையும் கூட்டித் தரவரிசை போட்டார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற குறை ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது. தேர்வை நீக்க ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கருணாநிதி அரசு 2006இல் நிறைவேற்றிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் ஒன்றே இடத்தை முடிவுசெய்தது.

நாடு முழுவதற்குமான 'நீட்' முதன்முதலில் 2013 மே 5இல் நடந்தது. வேலூர் சி.எம்.சி. தொடுத்த வழக்கில் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017இல் அதுவும் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்ட மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை; செப்டம்பர் 1இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடு இன்றும் நீட்டைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது.

2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாள் தனியே சொல்லத்தக்கது. 180 கேள்விகளில் 49இல் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அந்த விதியால் என்ன பயன்? தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் ஊகித்து எழுதவும் அச்சம். அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. பிழையால் இழந்ததை ஈடுசெய்ய வேறு வழியும் காட்டப்படவில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. கலந்தாய்வு அரங்கில் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மீண்டும் தென்பட்டது இதனால்தான். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ. கே. ராஜன் குழுவின் அறிக்கையை ஒட்டி 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.