நூறு அட்டைக்கென்று ஓர் இயந்திரம்

கலியாணம் நிச்சயமாகிவிட்டால் பந்தற்காரரைப் பார்ப்பதற்கு முன்பே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அதை 'அச்சிடுவது' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அடிப்பது' என்றே சொல்கிறோம். கணினியில் எழுத்தைக் கோத்து ஆஃப்செட்டில் அச்சேற்றும் இந்நாளிலும் அந்தச் சொல் மாறவில்லை. ஈய எழுத்து காகிதத்தின்மீது வந்து மோதிய காலத்தை அச்சொல் இன்னும் நினைவூட்டுகிறது. அப்படி மோதவைத்த பொறியைத்தான் நம் ஊர் அச்சகங்களில் 'டிரெடில்' என்றார்கள். காலால் மிதிக்க மிதிக்கப் பக்கத்தில் பெரிய சக்கரம் சுழலும்; சிப்பி வாய் திறந்து மூடுவதுபோல இரண்டு இரும்புப் பலகைகள் நெருங்கிப் பிரியும்; ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஓர் அட்டை.

அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரிய நூல்களையும் செய்தித்தாள்களையுமே பேசுகின்றனர். திருமண அழைப்பு, முகவரி அட்டை, ரசீது, நன்றியறிவிப்பு முதலிய சில்லறை வேலைகளுக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் நூலைவிடச் சிறியவை என்றாலும், இவற்றின் தேவை வேறு வகையானது. அந்தத் தேவைக்கென்றே தனியாக ஓர் இயந்திரம் பிறந்தது.

பெயருக்கு இடம் விட்ட சீட்டு

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் தம் புகழ்பெற்ற பைபிளை அச்சிட்டு முடித்தது 1455-ஐ ஒட்டியாகும். அந்தப் பைபிள் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவ்வூரில் வேறொரு பொருளும் அச்சாயிற்று. சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பொருள் உதவினோர்க்குத் திருச்சபை வழங்கிய பாவமன்னிப்புச் சீட்டு அது. ஒரே பக்கத்தில் முப்பத்தோர் வரிகள். பணம் கொடுத்தவரின் பெயர், நாள் ஆகியவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருந்தார்கள். அவற்றை மையால் எழுதிக்கொள்ள வேண்டும். எர்ஃபர்ட் நகரில் 1454 அக்டோபர் 22-ஆம் நாளிட்டு வழங்கிய சீட்டு ஒன்று கிடைத்துள்ளது. தனித்தனி எழுத்துகளைக் கோத்து ஐரோப்பாவில் அச்சிட்டவற்றுள், நாள் குறிப்பிட்டுக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பொருள் இத்தகைய சீட்டே. (ஐரோப்பாவில் என்று சொல்லக் காரணம் உண்டு. கொரியாவில் 1377-லேயே உலோக எழுத்தில் ஒரு பௌத்த நூல் அச்சாகிவிட்டது.) ஆக, அங்கே அச்சுக்கலை தன் குழந்தைப் பருவத்திலேயே சில்லறை வேலையும் பார்த்திருக்கிறது!

இருந்தும் அடுத்த நான்கு நூற்றாண்டுகள் அச்சுப்பொறி நூலுக்கும் தாளுக்குமாகவே வளர்ந்தது. மரத்தாலான கையச்சுப்பொறி 1800-ஐ ஒட்டி இரும்பாயிற்று. ஆயினும் வேலைமுறை மாறவில்லை. படுக்கையாகக் கிடத்திய எழுத்துக்கு ஒருவர் மை தடவ வேண்டும். மற்றவர் தாளை வைத்து, படுக்கையைப் பலகைக்கடியில் தள்ளி, நெம்புகோலை இழுத்து அழுத்தி, மீண்டும் வெளியே எடுக்க வேண்டும். இரண்டு ஆட்கள் முனைந்தால் மணிக்கு இருநூறு, இருநூற்றைம்பது தாள்கள் ஆகலாம். பெரிய தாளில் எட்டுப் பக்கங்கள் ஒருங்கே அச்சாகும்போது இது நட்டமில்லை. உள்ளங்கை அகல அட்டைக்கும் அதே இரண்டு ஆட்கள், அதே உழைப்பு என்றால் யாருக்குக் கட்டும்?

ஆகையால் செல்வர்கள் வேறு வழியை நாடினர். செப்புத் தகட்டில் பெயரைக் குழிவாகச் செதுக்கச் செய்து, குழியில் மையை நிரப்பி, ஈரமாக்கிய தாளில் உருளை அச்சால் அழுத்தி எடுத்தனர். ஒருவரை அவர் வீட்டில் காணச் செல்வோர் வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பும் அட்டை அவ்விதம் ஆனதே. அழகில் குறையில்லை, விலைதான் எட்டாதது. சாதாரண மனிதன் தன் பெயரை அச்சில் காண்பதெல்லாம் அபூர்வமாகவே இருந்தது.

தபாலும் மிதிகட்டையும்

1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் வந்தது. 1845-லும் 1851-லும் அமெரிக்கா தன் தபால் கட்டணத்தைக் குறைத்தது. அழைப்பும் அறிவிப்பும் அனுப்புவது மலிவாயிற்று. கடைக்காரர்களும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பெருகிய நகரங்களில் அட்டைக்குத் தேவையும் வளர்ந்தது. பாஸ்டன் நகரின் ஸ்டீபன் ரக்கிள்ஸ் சிறு அச்சுப்பொறிகளைச் செய்து வழிகாட்டினார். பார்வையற்றோர் தடவிப் படிக்க மேடெழுத்து நூல்களை அச்சிட உழைத்தவரும் இவரே. ஆனால் உலகெங்கும் பரவிய வடிவத்தைத் தந்தவர் ஜார்ஜ் கார்டன் (1810–1878).

கார்டன் முதலில் நாடக நடிகராக முயன்று, பிறகு நியூயார்க்கில் அச்சகம் வைத்தவர். அச்சகத்தில் எந்த வேலை கட்டவில்லை என்பதைக் கைப்பட அறிந்தவர் என்பதே அவருடைய பலம் எனலாம். தம் முதல் காப்புரிமையை 1851-இல் பெற்றார். பின்னர் செம்மைப்படுத்திய பொறிக்கு 'ஃபிராங்க்ளின்' என்று பெயரிட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினே கனவில் வந்து அதன் அமைப்பை விளக்கினார் என்று அவர் கூறியதாக ஒரு கதை உண்டு. கனவோ நனவோ, பொறியின் அமைப்பைப் பார்ப்போம்.

எழுத்தைப் பூட்டிய இரும்புச் சட்டம் இங்கே படுத்துக் கிடப்பதில்லை. ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. அதன் எதிரே தாளைத் தாங்கும் பலகை. பொறி திறந்திருக்கும்போது அப்பலகை ஆளை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். அச்சடிப்பவர் வலக்கையால் புதிய அட்டையை ஊசித் தடுப்புகளில் பொருந்த வைப்பார். அச்சான அட்டையை இடக்கை எடுத்துவிடும். உடனே பலகை நிமிரும். எழுத்துச் சட்டமும் முன்னோக்கிச் சாய்ந்து வந்து அதைத் தொடும். பொறி மீண்டும் திறக்கும் நேரத்தில் மை உருளைகள் மேலிருந்து இறங்கி எழுத்தைத் தடவிவிட்டு ஏறிவிடும். உச்சியில் உள்ள வட்டத்தட்டில் மை இருக்கும். ஒவ்வோர் அச்சுக்கும் அத்தட்டு சிறிது திரும்புவதால் மை ஓரிடத்தில் குவியாமல் பரவிக்கொண்டே இருக்கும். மை தடவ இரண்டாவது ஆள் வேண்டாம். ஒரே ஆள் மணிக்கு ஆயிரம் அட்டைவரை அடிக்கலாம்.

காலின் வலு இதற்கு எப்படிப் போதுமாயிற்று? எழுத்தின் ஒவ்வொரு சதுர அங்குல முகப்பின்மீதும் குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும். ஆகவே முகப்பின் மொத்தப் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் விசையும் பத்தில் ஒரு பங்கு போதும். ஓர் அட்டையில் ஐந்தாறு வரிகள்தாமே! மேலும், அழுத்தம் தேவைப்படுவது ஒரு சுற்றில் சிறு கணமே. காலோ சுற்று முழுவதும் மிதித்துக்கொண்டிருக்கிறது. அந்த உழைப்பைக் கனத்த சக்கரம் தன் சுழற்சியில் சேமித்துவைத்து, வேண்டிய கணத்தில் கொடுத்துவிடுகிறது. சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதும் இதே 1851-ஆம் ஆண்டில்தான். அதற்கும் மிதிகட்டை உண்டு. சிறு முதலுள்ளவனுடைய மின்மோட்டார் அவன் கால்தான்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் கிராப்பர் நிறுவனம் 'மினர்வா' என்ற பெயரில் இவ்வகைப் பொறியைச் செய்தது. அங்குள்ள அச்சகங்களில் இவ்வகை முழுவதற்குமே 'கிராப்பர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அமெரிக்காவில் காப்புரிமைகள் காலாவதியானதும் பலரும் கார்டன் பொறியைச் செய்யலாயினர். கிளீவ்லாந்தில் 1881-இல் தொடங்கிய சாண்ட்லர் அண்டு பிரைஸ் நிறுவனம் அவர்களில் பெரியது.

விரல் போகும் இடம்

பழகிய ஆள் டிரெடிலில் வேலை செய்வதைப் பார்ப்பது நடனம் பார்ப்பது போன்றது. ஆனால் பொறி ஒவ்வொரு முறை மூடும்போதும் கை உள்ளே போய் வந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கோணலாக விழுந்த அட்டையைச் சரிசெய்யலாம் என்று மீண்டும் கையை நீட்டினால் விரல் நசுங்கும். சக்கரம் சேமித்த ஆற்றல் காகிதத்தையும் விரலையும் பிரித்தறியாது. காலை எடுத்த மாத்திரத்தில் சக்கரம் நிற்பதுமில்லை. பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளினால் பலகைகள் முழுதும் நெருங்காமல் விலகியே இயங்கும். ஆனால் அது கோணல் அட்டையில் மை படாமல் தப்பிக்க ஏற்பட்டதே தவிர, விரலைக் காக்க ஏற்பட்டதன்று. பொறிக்கு மின்மோட்டார் பூட்டியபின் ஆபத்து கூடிற்று என்றே சொல்ல வேண்டும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நிறுவனம் 1914-இல் லைப்சிக் பொருட்காட்சியில் காட்டிய தானியங்கிப் பொறியில், காற்றாலையின் இறக்கைகள்போலச் சுழலும் கரங்கள் தாளைக் கவ்வி எடுத்துக்கொண்டன. கை உள்ளே போகும் வேலை அதோடு தீர்ந்தது. ஆனால் அதை வாங்க வசதியில்லாத அச்சகங்களில் கையே தொடர்ந்தது.

எழுத்தின் உலோகம்

எழுத்து வெறும் ஈயத்தால் ஆனதன்று. தனி ஈயம் மிக மென்மையானது. நூறு அட்டைக்குள் கூர் மழுங்கும். அதோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலப்பர். ஆண்டிமனி கடினத்தைத் தருவதுடன், குளிரும்போது சுருங்குவதையும் குறைக்கிறது. வெள்ளீயத்தால் உருகிய கலவை அச்சின் நுண்ணிய மூலைகளிலும் ஓடி நிரம்புகிறது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும்; ஆண்டிமனிக்கு 630 பாகை வேண்டும். தக்க விகிதத்தில் கலந்த உலோகமோ ஏறக்குறைய 240 பாகையிலேயே உருகிவிடுகிறது. தேய்ந்த எழுத்தை அச்சகத்திலேயே உருக்கிவிடலாம். தரங்கம்பாடியில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறிய தமிழ் எழுத்துகளை வார்க்க ஈயம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கியதாக வரலாறு உண்டு.

எல்லா எழுத்தும் ஒரே உயரம் நிற்க வேண்டும். அமெரிக்க அளவில் அது 0.918 அங்குலம். மயிரிழை தாழ்ந்த எழுத்து மங்கலாகவே விழும். அதற்குப் பலகையின் உறைத்தாளுக்கடியில் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய தாள் துண்டை ஒட்டிச் சமன் செய்வார்கள். ஆயிரம் அட்டைகளை ஒரு மணியில் அடித்துவிடலாம். அதற்குமுன் இந்த ஒட்டுவேலைக்கு ஒரு மணி பிடிக்கலாம்! இன்னும் ஒன்று: எழுத்து தொட்டும் தொடாமலும் பட வேண்டும். அட்டையின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துப் புடைப்பு தட்டுப்பட்டால் வேலை தெரியாதவன் என்பார் மேஸ்திரி.

நம் ஊர்க் கதை

தமிழில் சில்லறை வேலைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52 போதும். தமிழில் உயிர் 12, ஆய்தம், அகர மெய்கள் 18, புள்ளி வைத்தவை 18, இ, ஈ, உ, ஊ வரிசைகள் ஒவ்வொன்றிலும் 18, கால், கொம்பு முதலிய குறிகள் என்று எண்ணினாலே 125 ஆகிறது. கிரந்த எழுத்தும் எண்களும் வேறு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியபோது, அச்சுக்கோப்பவரின் பெட்டியில் சில அறைகள் காலியாயின. பெட்டியில் ண வரவேண்டிய அறையில் ன விழுந்திருந்தால், தலைகீழாகக் கோக்கும்போது கண் அதைத் தவறவிடும். மணமகள் பெயரில் அது நேர்ந்தால் அச்சகத்தார் பாடு திண்டாட்டம்.

சிறு நகர அச்சகத்தில் ஒரு சிக்கனம் உண்டு. பிள்ளையார், குத்துவிளக்கு, நாதஸ்வரம் ஆகியவற்றுக்குத் துத்தநாகப் பிளாக்குகள் மரக்கட்டையில் அறைந்து தயாராக இருக்கும். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கும் வாசகத்தைக் கலைக்காமல் கட்டிவைத்து, பெயரையும் நாளையும் மட்டும் மாற்றிக்கொள்வதும் உண்டு. தங்க எழுத்து வேண்டுவோர்க்குப் பசை மையில் அடித்து, ஈரம் காயுமுன் பொன்னிறத் தூளைப் பஞ்சால் தடவுவார்கள். அந்தத் தூள் செம்பும் துத்தநாகமும் கலந்தது, பொன் அன்று. சிவகாசியிலிருந்து பலவண்ணப் படத்தோடு உட்பக்கம் வெறுமையாக அட்டைகள் வரத் தொடங்கியபின், படம் சிவகாசியிலும் பெயர் உள்ளூர் டிரெடிலிலும் அச்சாயின. எர்ஃபர்ட் சீட்டில் பெயர் மட்டுமே கையெழுத்து. இங்கே பெயர் மட்டுமே ஈய எழுத்து.

கணினியும் ஆஃப்செட்டும் வந்தபின் ஈய எழுத்தை எடைக்குப் போட்டனர். ஹைடல்பர்க் நிறுவனமும் தன் காற்றாலைப் பொறியை 1985-இல் நிறுத்திக்கொண்டது. ஆனால் 1990-களில் அமெரிக்காவில் பழைய அச்சுமுறைக்குத் திடீரென்று மவுசு ஏற்பட்டது. இம்முறை வந்தது ஈயமன்று, ஒளியால் கெட்டிப்படும் பிளாஸ்டிக் தகடு. கணினியில் வரைந்ததை நெகட்டிவாக்கி அதன்மேல் வைத்துப் புற ஊதாக் கதிரைக் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். மற்றது நீரில் கரைந்துபோக, எழுத்து மேடாக நிற்கும். அதைப் பழைய கார்டன் பொறியில் பூட்டிப் பஞ்சுநார்க் காகிதத்தில் மண அழைப்புகளை அடிக்கிறார்கள். வாங்குவோர் கேட்பது என்ன தெரியுமா? எழுத்து காகிதத்தில் ஆழமாகப் பதிந்து, விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட வேண்டுமாம். எந்தக் குறையை மறைக்க மேஸ்திரிகள் மணிக்கணக்கில் தாள் ஒட்டினார்களோ அதற்கே இன்று கூடுதல் விலை!

நம் ஊர் டிரெடில்களில் பல பழைய இரும்பாகப் போய்விட்டன. தப்பியவற்றுள் சில, மை உருளையைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்கு அமர்ந்திருக்கின்றன. எழுத்துச் சட்டத்தின் இடத்தில் எஃகு வெட்டுக்கத்தியைப் பூட்டி, ஆஃப்செட்டில் அச்சாகி வந்த அழைப்பிதழ்களை வடிவாக வெட்டவும் மடிப்புக்கோடு இடவும் அவை பயன்படுகின்றன. கை மட்டும் அவற்றில் இன்னும் உள்ளே போய்த்தான் வருகிறது.