குருவானவர் இல்லாத ஆண்டுகள்



தம் பெயரின் பொருட்டு உலகம் நம்மைப் பகைக்கும் என்று ஆண்டவர் தம் சீடர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் நம்மைப் பகைக்கிறவரும் அதே ஆண்டவரை வணங்குகிறவராக இருந்தால் என்ன செய்வது? யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அந்தச் சோதனை வந்தது.

1658-ஆம் ஆண்டு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், போர்ச்சுக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றம் என்று அறிவித்தார்கள். ஆலயங்களும் கைமாறின. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறப்பவருக்கு நோயில்பூசுதல் இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குரு தூத்துக்குடியில் கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவின் உடையில் போனால் பிடிபடுவார். ஆகவே பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் மட்டும் ஒரு செபமாலை. அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். தன் மந்தையை அவர் கண்டுபிடித்த வழி அதுதான். சில்லாலை ஊர் மக்கள் அவரைப் பாதுகாத்தார்கள். இரவில் இரகசியமாகத் திருப்பலி நடந்தது.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு குருவானவரையே கண்டிராத பிள்ளைகள் அங்கே வளர்ந்து பெற்றோராகியிருந்தார்கள். அவர்களுக்குச் செபமாலையைக் கற்றுக்கொடுத்தது யார்? அம்மாக்களும் பாட்டிமார்களும்தான். ஆலயத்தைப் பூட்ட அரசால் முடிந்தது. வீட்டுச் செபத்தைப் பூட்ட முடியவில்லை.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுமார் இருநூறு பேர் பிடிபட்டார்கள். குரு அகப்படவில்லை. சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்கரான ஒருவர் கொடிய அடிகளால் உயிர் நீத்தார். ஆனாலும் மக்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை.

பின்னர் 1692-இல் வாஸ் அடிகளார் கண்டிக்குப் போனார். அங்கே போர்ச்சுக்கீசிய உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். சந்தேகத்துக்கு ஆளான அந்தக் குருவோ அங்கேயே தங்கி, கைவிடப்பட்ட நோயாளிகளுக்குச் சமயம் பாராமல் பணிவிடை செய்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். 1711 சனவரி 16 அன்று கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்று நடந்ததற்காக இன்றைய பிரிவினை சபைச் சகோதரர்கள்மேல் நாம் பழிபோட வேண்டாம். நாமும் பிறரை வருத்திய காலங்கள் வரலாற்றில் உண்டு.

அன்பானவர்களே, மேனாம்பேட்டில் நம் ஆலயக் கதவை யாரும் பூட்டவில்லை. ஆனால் எதிர்ப்பு வேறு வடிவில் வருகிறது. தொழிற்பேட்டையில் உடன் வேலை செய்பவரின் கேலி, உறவினர் வீட்டில் ஒரு குத்தல் பேச்சு, சிலுவை போட்டுக்கொள்ளத் தயங்கும் நம் விரல்கள். பதிலுக்குக் கோபப்பட்டுச் சண்டைபோடுவது விசுவாசம் ஆகாது. வாயை மூடி ஒளிந்துகொள்வதும் ஆகாது. பழித்தவர் நோயில் விழும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமே, அதுவே புனித வாஸ் காட்டிய பதில்.

இன்னொரு கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நாளைக்கே இந்தப் பங்கில் குருவானவர் இல்லாமல் போனால், முப்பது ஆண்டுகள் கழித்து வருகிறவர் ஒரு செபமாலையைக் காட்டும்போது, உங்கள் பேரப்பிள்ளையின் முகம் மலருமா? அதற்கான பதில் என் பிரசங்கத்தில் இல்லை. இன்று இரவு உங்கள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எல்லாரும் சேர்ந்து முழந்தாளிடும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

புனித யோசேப் வாஸ், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.