சங்கு யாருக்குச் சொந்தம்?

நம் பக்கத்து வீடுகளில் சங்கு இல்லாத வீடு அந்தக் காலத்தில் கிடையாது. பச்சைக் குழந்தைக்குப் பாலும் மருந்தும் சங்கில்தான் புகட்டினோம். ஒருவர் கண்ணை மூடினால் தெருவில் முதலில் கேட்பதும் சங்குதான். இவ்வளவு பழகிய பொருள் என்பதால் அதை ஒரு பெரிய சொத்தாக நாம் நினைத்ததில்லை. ஆனால் நம் சேது சீமைக் கடலில் கிடந்த சங்குக்காக ஒப்பந்தங்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போயிருக்கிறது.

இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் இருந்து அங்கே பலமுறை அகழாய்வு செய்தது. ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த அதே மண்ணில் சங்கு வளையல்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஆட்கள் சங்கை எடுத்து வளையலாக்கியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் சங்குக்குப் பெரிய சந்தை வங்காளம். நமக்குச் சங்கு என்றால் சாவு வீடும் நினைவுக்கு வரும். அவர்களுக்கோ அது கல்யாணம். சுமங்கலிப் பெண் கையில் சங்கு வளையல் இருந்தே ஆக வேண்டும். டாக்காவில் இதற்கென்றே ஒரு சாதியார் இருந்தார்கள். பிறை வடிவமான பெரிய ரம்பத்தைக் கையால் இழுத்துச் சங்கை வளையம் வளையமாக அறுப்பார்கள். அந்தச் சங்கில் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் எடுத்து, கப்பலேற்றி அனுப்பியது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இந்தக் கடலையும் வங்காளத்து வளையல் தொழிலையும் சேர்த்து விவரித்தவர் அவர்.

சங்கு குளிப்பது என்பது மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இதில் பெயர் பெற்றவர்கள். முழுகி, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைக் கையால் தடவி எடுத்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். தூத்துக்குடிச் சங்குக் கிடங்கில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சுமார் இரண்டேகால் அங்குல விட்டமுள்ள ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் நுழைந்துவிடும் சங்கு சின்னது. அதை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும்.

சரி, இந்தச் சங்கு யாருடையது? சேதுபதிகள் தங்கள் கரையோரச் சங்குக்கு உரிமை கொண்டாடி வந்தார்கள். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் முத்தையும் சங்கையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் இடையே உடன்படிக்கைகள் வந்தன. 1803-இல் ஆங்கிலேயர் மங்களேஸ்வரி நாச்சியாருக்கு நிரந்தர ஜமீன் பட்டயம் கொடுத்தார்கள். சீமை ஜமீனாகச் சுருங்கியது. ஆனாலும் சங்கு உரிமை ஜமீனிடமே இருந்தது. ராஜா அதைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார்.

அந்தக் குத்தகையில்தான் வழக்கு முளைத்தது. 'அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்' என்று 1904-ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து மைல் வரை பரந்து கிடந்த சங்குப் படுகையில் குத்தகைக்காரருக்குத் தெரியாமல் சங்கு எடுத்தது திருட்டா, இல்லையா என்பதே கேள்வி. ஒரு நாட்டின் அதிகாரம் கரையிலிருந்து மூன்று மைல்தான் என்று பொதுவாகச் சொல்லிவந்த காலம் அது. நீந்தித் திரியும் மீன் பிடிபடும்வரை யாருக்கும் சொந்தமில்லை என்பதும் பழைய சட்டம். ஆனால் சங்கு மீனைப்போல ஓடிவிடாது, படுகையிலேயே கிடக்கும். அந்தப் படுகையோ தலைமுறை தலைமுறையாக ராஜாவின் அனுபவத்தில் இருந்தது. ஆகவே அதைத் திருட முடியும் என்று நீதிமன்றம் சொன்னது.

இதே கேள்வி வேறு ஊர்களிலும் உண்டு. ஸ்காட்லாந்தில் சால்மன் மீன் ஆற்றில் ஏறி வரும். அங்கே கரை நிலம் ஒருவருக்கும், அந்த ஆற்றுப் பகுதியில் சால்மன் பிடிக்கும் உரிமை இன்னொருவருக்கும் இருக்கலாம். நிலத்தைப் போலவே அந்த உரிமையையும் விற்கலாம், வாரிசுக்கு விடலாம். தன் கரையில் நிற்பவனே தூண்டில் போட முடியாமல் போகும். நம் ராஜாவின் சங்குக் குத்தகையும் ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

பிறகு அந்த வாதம் உலகச் சட்டத்திலும் இடம் பிடித்தது. கடற்படுகையோடு ஒட்டி வாழும் உயிர்கள் கரையோர நாட்டுக்கே சொந்தம் என்று 1958 ஜெனீவா உடன்படிக்கையும் 1982 கடல் சட்ட உடன்படிக்கையும் சொல்கின்றன. நம் பக்கத்திலோ 1921 அக்டோபரில் சென்னை மாகாணத்தாரும் இலங்கையாரும் கொழும்பில் உட்கார்ந்து, கடலில் மீன்பிடி எல்லைக்காக ஒரு கோடு போட்டுப் பார்த்தார்கள். முத்தும் சங்கும் அளவில்லாமல் எடுக்கப்படக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. கச்சத்தீவு ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது என்ற வாதமும் அப்போதே எழுந்தது. 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் எழுதிய ஒப்பந்தங்களால் கடலில் நிரந்தர எல்லை வந்துவிட்டது. அந்த எல்லையில் ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கதை முழுவதிலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. உரிமையாளர் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. சேதுபதி, டச்சுக்காரர், ஜமீன், குத்தகைக்காரர், கடைசியில் சர்க்கார். முழுகிச் சங்கு எடுத்தவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் சொந்தக்காரராக வரவில்லை. படுகை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரோ அவர் ஒருவர்தான்.

இப்போது இழுவைமடி விசைப்படகுகள் அடித்தரையையே வாரிக்கொண்டு வருகின்றன. சங்கும் அதில் வருகிறது. பெரியது, சின்னது என்ற பேதம் மடிக்குத் தெரியாது. சங்கு வளர வருஷங்கள் ஆகும். யாருக்குச் சொந்தம் என்று நூற்றாண்டுகளாக வழக்காடிய நாம், அந்த இரண்டேகால் அங்குல ஓட்டையின் கணக்கை மட்டுமாவது மறக்காமல் இருந்திருக்கலாம்.